காரணம் கேட்காத தாள்

ஆலங்குடா,
17.08.2025, ஞாயிறு.

அன்பு மகள் சுல்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆலங்குடாவிலிருந்து உம்மா எழுதுகிறேன். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் எழும்பி நடமாடுகிறோம், நீயும் மருமகனும் பிள்ளைகள் இரண்டு பேரும் லெஸ்டரில் குளிருக்கும் காய்ச்சலுக்கும் தப்பி நல்லபடியாக இருக்க ஐந்து நேரமும் துஆச் செய்கிறேன். ஓகஸ்ட் மாதத்தில் அங்கே குளிரா வெயிலா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, பதினொரு வருஷமாகக் கேட்கிறேன், நீயும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொல்கிறாய், அதனால் இரண்டுக்கும் சேர்த்தே கேட்டுவிடுகிறேன். என் சீனி வருத்தம் போன கிழமை கூடி, பிறகு குறைந்து, இப்போது சொன்ன சொல் கேட்கிறது. இது காற்றுக் காலம், வெள்ளைக்காரர்கள் இடுப்பில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் இழுபட்டுத் திரிகிறார்கள், அவர்களுடைய நூலில் வலை மாட்டுகிறது என்று உன் நானா நஸீம், என் மூத்தவன், படகைக் கண்டக்குழிப் பக்கம் கொண்டுபோய் விட்டிருக்கிறான். மதினி ஃபஹ்மியா உனக்கு சலாம் சொல்லச் சொன்னாள். அவளுடைய கோழிகள் எல்லாம் அடை கிடக்கின்றன, முட்டைக்குக் கடைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

ஃபோன் இருக்கும்போது உம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஃபோனில் என்றால் நான் போன வெள்ளிக்கிழமை மாதிரி மறுபடியும் அறுத்துவிடுவேன். சிக்னல் இல்லை, நீ கதைப்பது விட்டு விட்டுக் கேட்கிறது என்று சொன்னேனே, அது பொய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, நீ மூக்கை உறிஞ்சியதுகூடக் கேட்டது. உன் மேற்பார்வைப் பேராசிரியர், எங்கள் சனத்தில் நீ எடுத்த பன்னிரண்டு பேருடைய பேட்டிகளையும் வாசித்துவிட்டு, இது பன்னிரண்டு பேர் பேசியதா அல்லது ஒரே ஆள் பன்னிரண்டு தடவை பேசியதா என்று கேட்டார் என்றாய். மாத முடிவுக்குள் இதற்கு விளக்கம் கொடுக்க வேண்டும், கொடுக்க முடியாவிட்டால் நாலு வருஷம் செய்த வேலையை மூடி வைத்துவிடப் போகிறேன் என்றாய். பிறகு கொஞ்சம் நிறுத்தி, உம்மா, அவங்களுக்கு நீங்க ஏதாச்சும் சொல்லிக் குடுத்தீங்களா என்று கேட்டாய். அந்த இடத்தில்தான் என் சிக்னல் போனது.

மகள், உன் படிப்பு எனக்கு ஆரம்பத்திலிருந்தே விளங்கவில்லை, அதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். நீ பள்ளிக்கூடத்தில் உதவி அதிபர், முந்நூறு பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறாய், மற்ற ஆசிரியர்களுக்கே நீதான் எப்படிப் படிப்பிப்பது என்று சொல்லிக்கொடுக்கிறாய், அப்படியிருக்க நீ ஏன் திரும்பவும் மாணவி ஆகி, சனி ஞாயிறில் உன் சொந்தப் பிள்ளைகளை மருமகனிடம் விட்டுவிட்டு நூலகத்தில் போய் இருக்கிறாய் என்று யோசிப்பேன். இங்கே கேட்பவர்களுக்கு நான் சொல்வது, அவள் கலாநிதிப் பட்டம் படிக்கிறாள், வேலையை விடாமல், தான் செய்கிற வேலையைப் பற்றியே படிக்கிறாள் என்று. பக்கத்து வீட்டுப் பரீனா கேட்டாள், செய்ற வேல தெரியாமயா இவ்வளவு காலம் செஞ்சா என்று. தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துச் சமாளித்தேன். பிறகு உன் ஆராய்ச்சி வேறெங்குமில்லை, எங்களைப் பற்றித்தான் என்று நீ சொன்ன அன்று எனக்கு இன்னும் தலை சுற்றியது. அகதி முகாமிலிருந்து போன பிள்ளைகளுக்கு உள்ளூர்ப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு நடந்த பின்னேரப் பள்ளிக்கூடம், அதில் படித்தவர்கள் என்ன ஆனார்கள், விட்டவர்கள் ஏன் விட்டார்கள், அதைத் தெரிந்துகொண்டால் இன்றைக்கு உன் பள்ளிக்கூடத்துக்கு வரும் அகதிப் பிள்ளைகளுக்கு உதவும் என்றாய். நல்ல காரியம்தான், ஆனால் நாங்கள் பட்ட பாட்டை எடுத்து அங்கே பட்டம் கொடுக்கிறார்களா என்று எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் குழப்பம்.

அதற்குப் பிறகு நீ அனுப்பிய தாள் வந்தது, சம்மதப் பத்திரம். சொந்த மகள் சொந்த உம்மாவிடம் கதை கேட்க கையெழுத்துக் கேட்டால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். நீ கேட்டால் நான் சொல்லமாட்டேனா? அதில் மூன்றாவதாக எழுதியிருந்தது, நீங்கள் எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்று. நாலாவது, உங்கள் பெயர் மாற்றப்படும் என்று. நான் ஃபஹ்மியாவிடம் கேட்டேன், உம்மா ஸ்தானத்திலிருந்து எப்படியடி விலகுவது என்று. அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபத்தோடுதான் கையெழுத்துப் போட்டேன், உனக்குத் தெரியாது.

ஆனாலும் உன் படிப்பு கெட்டுப்போகக் கூடாதென்று நினைத்தேன், அங்கேதான் பிழை நடந்தது. பன்னிரண்டு பேரையும் பேட்டிக்கு முந்தின நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்குக் கூப்பிட்டேன். இடியப்பமும் சொதியும் செய்தேன். என்ன கேட்பாள், என்ன சொல்ல வேண்டும் என்று எல்லோரையும் வரிசையாக இருத்திச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு குறையும் இல்லை, உள்ளூர்ச் சனம் எங்களைத் தங்கட பிள்ளைகள் மாதிரிப் பார்த்தார்கள், பிள்ளைகள் பின்னேரப் பள்ளியில் சந்தோஷமாகப் படித்தார்கள், விட்டவர்கள் படிப்பில் விருப்பமில்லாமல் தாங்களாகவே விட்டார்கள், இதுதான் பாடம். அவர்களில் பதுர்தீன் காக்காவுக்குக் காது மந்தம், ஞாபகம் மட்டும் நன்றாக இருக்கிறது, நீ இரண்டாவது கேள்வியைக் கேட்கும் முன்பே அவர் மூன்றாவதுக்குப் பதில் சொல்லி முடித்துவிட்டார் என்று நீயே சொல்லிச் சிரித்தாய். அன்றைக்கே உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், நீயும் என் மகள்தானே, வந்தும் பேசாமல் இருந்திருப்பாய்.

ஏன் செய்தீர்கள் என்று கேட்பாய். மகள், நிரப்பச் சொல்லித் தருகிற போமுக்கு நாங்கள் பதில் சொல்லப் பழகியதே அப்படித்தான். முகாமில் இருந்த காலத்தில் கிராம சேவகர் ஜீ.எஸ். மாத்தயா வந்தாலும், கொழும்பிலிருந்து தொண்டு நிறுவனம் வந்தாலும், வெள்ளைக்காரர் வந்தாலும், முந்தின பின்னேரமே எல்லாக் கொட்டில்காரரும் கூடி என்ன சொல்வது என்று முடிவெடுத்துவிடுவோம். ஒருத்தி கூரை ஒழுகுகிறது என்றும் பக்கத்துக்காரி ஒழுகவில்லை என்றும் சொன்னால் இரண்டு பேருக்கும் கிடுகு கிடைக்காது. ஒருவன் ஊருக்குத் திரும்பிப் போவேன் என்றும் மற்றவன் போகமாட்டேன் என்றும் சொன்னால் எல்லாருடைய நிவாரண அட்டைக்கும் ஆபத்து. எல்லோரும் ஒரே வாய். அப்படித்தான் பிழைத்தோம். அதோடு இன்னொன்று, உள்ளூர்க்காரர் கிணற்றடியில் எங்களைத் துரத்தினார்கள், பள்ளிக்கூடத்தில் உங்களை அகதி அகதி என்று கூப்பிட்டார்கள் என்று இன்றைக்குச் சொல்ல முடியுமா? அவர்களோடுதான் முப்பத்தைந்து வருஷம் ஒன்றாக இருக்கிறோம், பெண் கொடுத்து எடுத்திருக்கிறோம், உன் மதினியே அவர்கள் வீட்டுப் பிள்ளைதானே. அவளுக்குக் கேட்கும்படி எப்படிச் சொல்வது என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, நேற்று அவளே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்துவிட்டுச் சொல்கிறாள், மாமி, எங்கட வாப்பாவும் அந்தக் கிணத்துல ஒங்கள தண்ணி அள்ள விடல்லத்தானே, எனக்குத் தெரியும், தங்கச்சிட்ட அதயும் சொல்லுங்க என்று. நான் யாருக்காக மூடி வைத்தேனோ அவளே திறந்துவிட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இவ்வளவும் சொன்னது சுலபம். இனி எழுதப்போவதுதான் கடினம். அதற்காகத்தான் கடிதம்.

நீ எழுதிய நாலாம் அத்தியாயத்தை எனக்கு ஃபோனில் தமிழில் சொல்லிக் காட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? அதில் உன் நானாவைப் பற்றி எழுதியிருந்தாய். தன் வீட்டிலேயே கெட்டிக்காரனான ஒரு பையன் ஒன்பதாம் ஆண்டில் விருப்பமில்லாமல் தானாகப் பள்ளியை விட்டான், பாடத்திட்டம் அவனை ஈர்க்கவில்லை என்று. அதை வைத்துத்தான் அந்த அத்தியாயமே நிற்கிறது என்றாய். நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நஸீமும் பேட்டியில் அதையேதான் சொன்னான், எனக்குப் படிப்பு ஏறல்ல என்று. முப்பது வருஷமாக எங்கள் வீட்டில் சொல்லப்படுகிற கதை அது. அந்தக் கதையை உண்டாக்கியது நான்.

1994இல் அவனுக்குப் பதினான்கு வயது. உனக்கு எட்டு வயது, உனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. வாப்பா மௌத்தாகி இரண்டு வருஷம், நான் வெங்காயத் தோட்டத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பின்னேரப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர் பரமநாதன் சேர், வன்னியிலிருந்து அவரும் எங்களைப் போல எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த மனுஷர். ஒருநாள் அவர் தோட்டத்துக்கே என்னைத் தேடி வந்துவிட்டார். வரம்பில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார். அம்மா, இவன் இந்தப் பள்ளிக்கூடத்தில இருக்க வேண்டிய பிள்ளை இல்லை, புத்தளத்தில பெரிய பள்ளிக்கூடத்தில கதைச்சிட்டன், விடுதியும் தருவினம், நீங்கள் ஓம் எண்டு சொன்னால் போதும் என்றார். எனக்கு ஒரு சதம் செலவில்லை என்றும் சொன்னார். அதனால் உன் ஆராய்ச்சியில் வறுமை என்று எழுதிவிடாதே. வறுமை இருந்தது, ஆனால் காரணம் அது இல்லை.

காரணம் இது. 1990இல் எங்கள் சனத்தை ஊரைவிட்டுத் துரத்தி, மன்னாரிலிருந்து கடலால் வந்தபோது நான் உன்னையும் வாப்பாவையும் பிடித்துக்கொண்டு ஒரு படகில் ஏறினேன், சன நெரிசலில் நஸீம் என் தம்பியோடு வேறு படகில் ஏறிவிட்டான். கற்பிட்டிக் கரையில் இறங்கினால் அந்தப் படகைக் காணவில்லை. நாலு நாள். கரை முழுக்க ஒவ்வொரு படகாக ஓடி ஓடிப் பார்த்தேன், பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கண்டவர்களிடமெல்லாம் கேட்டேன். நாலாம் நாள் உச்சமுனைப் பக்கமிருந்து வந்த ஒரு வள்ளத்தில் அவனும் தம்பியும் இருந்தார்கள், யாரோ கொடுத்த பெரிய ஆளின் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினான். அன்றைக்கு நான் அல்லாஹ்விடம் ஒன்று சொன்னேன், இனி இவனை என் கண்ணுக்கு அப்பால் ஒரு இரவும் விடமாட்டேன் என்று. சேர் விடுதி என்று சொன்னதும் எனக்கு அந்தக் கரைதான் வந்து நின்றது. யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பினேன். அவர் விடமாட்டார் என்று தெரியும், நஸீமிடமும் சொல்லிவிடுவார் என்று பயம். அதனால் மறுநாள் காலையில் நானே அதிபரிடம் போய் விடுகைப் பத்திரம் கேட்டேன். அதில் விலகுவதற்கான காரணம் என்று ஒரு கட்டம். அதை நிரப்பாமல் தரமாட்டேன் என்றார் பள்ளிக்கூடக் கிளாக்கர். பயம் என்று அந்தக் கட்டத்தில் எழுத முடியுமா மகள்? பிள்ளைக்குப் படிப்பில் விருப்பமில்லை என்று என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து அவனிடம், சேர் சொன்னார் உனக்குப் படிப்பு ஏறாதாம், மாமாவோடு தொழிலுக்குப் போ என்றேன்.

சேர் சொன்னார் என்றேன். அவர் பெயரில் சொன்னேன். அதுதான் எல்லாவற்றிலும் பெரிய பொய்.

அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அடுத்த கிழமையே கடலுக்குப் போனான். கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும் என்று பள்ளியை நிறுத்திய பிள்ளை ஒவ்வொரு விடியலும் கடலுக்குப் போனான், நான் ஒவ்வொரு விடியலும் கரையில் நின்றேன். இதில் எனக்கு என்ன மிச்சம் என்று இன்றைக்கும் கணக்குப் பிடிபடவில்லை. அப்போது நான் செய்தது பிழை என்று இப்போது சொல்கிறேன், ஆனால் அந்தக் கரையில் திரும்பவும் நிற்கவைத்துக் கேட்டால் என்ன சொல்வேனோ தெரியாது. உண்மையாகவே தெரியாது. பிறகு நீ கொழும்புக்கும் லெஸ்டருக்கும் போகக் கேட்டபோது நான் ஒரு வார்த்தை தடுக்கவில்லையே, ஏன் என்று யோசித்தாயா? தடுக்க எனக்கு வாயில்லை.

அந்தப் பத்திரத்தின் பிரதி காணி உறுதிப் பத்திரத்தோடு அலுமாரியில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை உன் ஃபோனை அறுத்தபிறகு எடுத்துப் பார்த்தேன். என் எழுத்து அப்போது நன்றாக இருந்திருக்கிறது. நேற்று லுஹர் தொழுகைக்குப் பிறகு நஸீம் சாப்பிட வந்தான், சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் அதை வைத்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் போடுவான் என்று நினைத்தேன், போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். பத்திரத்தை இரண்டு தடவை வாசித்தான். பிறகு, அந்தத் தவணைச் சோதனையில் எனக்குக் கணக்குக்கு எத்தனை புள்ளி உம்மா என்று கேட்டான். நாற்பத்தைந்து வயதில், தாடி நரைத்து, இரண்டு பெண்பிள்ளைகளுக்கு வாப்பாவானபிறகு அதைக் கேட்கிறான். எனக்குத் தெரியாதே மகள். தவணை ரிப்போட்டை நான் வாங்கவே போகவில்லை. தெரியாது என்றேன். பாதிச் சோற்றோடு கை கழுவிவிட்டுப் படகடிக்குப் போய்விட்டான். ஃபஹ்மியா அந்தக் கோப்பையை எடுத்து மூடி வைத்தாள்.

ஆகவே மகள், நீ அனுப்பிய தாளில் மூன்றாவதாக உள்ளதை இப்போது நான் எடுத்துக்கொள்கிறேன். முதலில் சொன்ன பேட்டியிலிருந்து நான் விலகுகிறேன். காரணம் சொல்லத் தேவையில்லை என்று போட்டிருக்கிறாய், அன்றைக்குக் காரணம் கேட்ட தாளில் பொய் எழுதினேன், இன்றைக்குக் காரணம் கேட்காத தாளுக்கு உண்மையை எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை என் இரண்டாவது பேட்டியாக வைத்துக்கொள். நாலாம் அத்தியாயத்தைக் கிழிக்க வேண்டி வரும், எனக்குத் தெரியும், அது எத்தனை மாதத்து வேலை என்பதும் தெரியும், என்னைத் திட்ட வேண்டுமென்றால் வாய்விட்டுத் திட்டு, சிக்னல் நன்றாக இருக்கும் என்று வாக்குத் தருகிறேன். ஆனால் மூடி மட்டும் வைத்துவிடாதே. உன் பேராசிரியரிடம் நடந்ததை அப்படியே சொல். எங்கள் சனம் போமைக் கண்டால் ஏன் ஒரே வாயாகிறது என்பதும் உன் படிப்புக்குள் வரும் விஷயம்தானே, உன் பள்ளிக்கு வரும் அகதித் தாய்மாரும் உனக்கு அப்படித்தான் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள், கேட்டுப் பார். மற்றவர்களிடம் இன்று காலையில் நானே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டேன், அவரவர் வாயால் அவரவர் கதையைச் சொல்லுங்கள் என்று. பரீனா, அப்ப இடியப்பம் இல்லையா என்று கேட்டாள். பதுர்தீன் காக்காவுக்குக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது, அதனால் பாதி ஊருக்கும் தெரிந்துவிட்டது. ஐந்து பேர் சம்மதம், இரண்டு பேர் யோசிக்கிறார்கள், மற்றவர்கள் உனக்கே சொல்வதாகச் சொன்னார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு. பள்ளிக்கூடமும் படிப்பும் என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, மருமகனோடு முகம் கொடுத்துப் பேசு, பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பதை விட்டுவிடாதே. வாப்பா இருந்திருந்தால் உன்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பார். நீ தொடங்கியதை முடித்து, அந்தத் தொப்பியும் அங்கியும் போட்டு நிற்பதைக் காண அல்லாஹ் எனக்கு ஆயுளையும் உனக்குப் பொறுமையையும் தரட்டும். ஃபஹ்மியா இந்தத் தாள்களையும் அந்தப் பத்திரத்தையும் படம் பிடித்து இப்போதே உனக்கு அனுப்புவாள், அசல் தபாலில் வரும்.

மறந்துவிடாதே, இன்னும் ஒன்று. நேற்று நஸீம் அஸருக்குத் திரும்பி வந்தான். எனக்கென்று ஒரு பாரை மீனைக் குசினி அடுப்படியில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னான், தங்கச்சிக்கு அனுப்புங்க உம்மா, ஆனா பேர மாத்துவாங்களாமே, என்ட பேர மாத்த வேணாம் எண்டு சொல்லுங்க, பள்ளிக்கூட இடாப்புல வெட்டின பேர், அவட புத்தகத்துலயாவது இருக்கட்டும் என்று. உங்கள் பல்கலைக்கழகத்துச் சட்டம் விடுமோ விடாதோ எனக்குத் தெரியாது, நீ கேட்டுப் பார். என் பெயரையும் மாற்ற வேண்டாம். அன்றைக்கு அந்தக் கட்டத்தின் கீழே போட்டதும் இதே கையெழுத்துத்தான்.

இப்படிக்கு,
உன் உம்மா,
நிஸார் கமறியா